ஆதாரம் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். மகளின் வகுப்புத் தோழி, வயது 15. இரண்டு மாதமாகக் கையில் புதுச் செல்போன், விலையுயர்ந்த உடைகள். இணையத்தில் பழக்கமான, அவளைவிடப் பத்து வயது மூத்த ஒருவர் மாடலிங் வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற வார இறுதியில் வேறு ஊருக்குக் கூட்டிப்போகப் போகிறார். வீட்டில் மூச்சுவிடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணோ சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். “என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை, வெறும் சந்தேகம். யாரிடமாவது சொல்லலாமா? சொல்லி, அது தப்பாகிப்போனால்?”

சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள். கீழே சில எண்களைக் கொடுத்திருக்கிறேன், நேராக அங்கே போய் ஒன்றை அழைத்துவிட்டு வந்து மீதியைப் படித்தாலும் எனக்குச் சம்மதமே.

பல வருடம் ஓர் உதவி மையத்தில் தொலைபேசி எடுத்திருக்கிறேன். அழைப்பவர்களில் பாதிப்பேர் பேச்சை ஆரம்பிப்பதே “நான் தப்பா நினைக்கிறேனோ என்னவோ” என்றுதான். எல்லாம் முடிந்தபிறகு அழைப்பவர்கள் வேறொன்று சொல்வார்கள்: “எனக்கு அப்பவே தோணுச்சுங்க.” இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் போன மாதங்களில்தான் ஒரு பிள்ளையின் வாழ்க்கை சிதைந்திருக்கும். அந்தத் தயக்கத்தை உடைப்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ‘கடத்தல்’ என்ற சொல்லே நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. கடத்தல் என்றதும் கண்முன் வருவது, யாரோ முன்பின் தெரியாதவர்கள் வண்டியில் வந்து வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போகிற காட்சி. அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் நான் கேட்ட கதைகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பெண்ணோ பையனோ தன் காலால் நடந்து போயிருக்கிறார்கள், சிலர் சிரித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். கூட்டிப்போனவர் காதலனாக இருந்தார், வேலை வாங்கித் தருகிற ஏஜென்டாக இருந்தார், சித்தப்பாவாக இருந்தார். சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு 2017-ல் தன்னிடமிருந்த தரவுகளைத் தொகுத்தபோது, அடையாளம் காணப்பட்ட குழந்தைக் கடத்தல்களில் கிட்டத்தட்ட பாதியில் குடும்ப உறுப்பினர் ஒருவருக்குத் தொடர்பு இருந்தது தெரியவந்தது. ‘முன்பின் தெரியாதவரிடம் பேசாதே’ என்று மட்டும் சொல்லி வளர்த்தால், அந்தப் பாதிப் பிள்ளைகளை நாம் கைவிட்டுவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. பொதுச்சபை 2000 நவம்பரில் ஏற்றுக்கொண்டு, 2003 டிசம்பர் 25 முதல் நடைமுறையில் இருக்கும், ஆள்கடத்தலுக்கு எதிரான பலேர்மோ நெறிமுறைதான் உலகின் பெரும்பாலான நாடுகளுடைய சட்டங்களுக்கு அடிப்படை. அது மூன்று கூறுகளைப் பார்க்கிறது. ஒன்று, செய்கை: ஆளைச் சேர்ப்பது, கூட்டிப்போவது, ஒப்படைப்பது, வைத்திருப்பது. இரண்டு, அதற்குப் பயன்படுத்திய வழி: மிரட்டல், ஏமாற்று, வறுமையையோ கதியற்ற நிலையையோ பயன்படுத்திக்கொள்வது. மூன்று, நோக்கம்: சுரண்டல். இதில் எல்லை தாண்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சொந்த ஊரில், சொந்த வீட்டுக்குள்ளேயேகூட ஒருவர் கடத்தப்பட்டவராக இருக்க முடியும். இப்படிப்பட்ட வழிகள் பயன்பட்டிருந்தால், “அவளே சம்மதித்துத்தான் வந்தாள்” என்ற பேச்சு செல்லாது.

18 வயதுக்குக் கீழே என்றால் அந்த இரண்டாவது கூறையே தேடவேண்டியதில்லை. மிரட்டினார்களா, ஏமாற்றினார்களா என்று நிரூபிக்கத் தேவை இல்லை. சுரண்டும் நோக்கத்தோடு ஒரு சிறுமியை அழைத்துப்போவதே ஆள்கடத்தல்தான். ஆகவே அந்தப் பெண் சந்தோஷமாக இருக்கிறாள் என்பது உங்களைத் தயங்கவைக்க வேண்டாம். 15 வயதுப் பிள்ளையின் சந்தோஷத்தைத் தயாரித்துக் கொடுப்பதுதான் இந்த ஆட்களின் தொழிலே.

அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்ற எல்லாம் புரிந்துவிடும். முதலில் கவனம் தருவார்கள். வேறு யாரும் கேட்காததைக் கேட்பார்கள்: சாப்பிட்டாயா, ஏன் முகம் வாடியிருக்கிறது, வீட்டில் என்ன பிரச்சினை. தனிமையில் இருக்கிற பிள்ளை, வீட்டில் சண்டையைப் பார்த்து வளர்கிற பிள்ளை, பணக்கஷ்டத்தில் இருக்கிற பிள்ளை, தான் அழகில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளை, இந்தக் கேள்விகளுக்கே உருகிவிடும். அடுத்து பரிசுகள். பரிசு வந்ததும் கூடவே ஒரு ரகசியமும் வரும்: “இது நமக்குள்ள இருக்கட்டும், மத்தவங்களுக்குப் புரியாது.” அந்த ரகசியம்தான் முதல் கயிறு. பிறகு மெல்ல மெல்ல மற்றவர்களிடமிருந்து பிரிப்பார்கள். அம்மா உன்னைப் புரிந்துகொள்ளவில்லை, தோழிக்கு உன்மேல் பொறாமை. அதன்பிறகுதான் ஏதோ ஒன்றைக் கேட்பார்கள். ஒரு படம், ஒரு சந்திப்பு, தன் நண்பர் ஒருவரிடம் ‘கொஞ்சம் நன்றாக நடந்துகொள்வது’. மறுத்தால், இதுவரை வாங்கியதெல்லாம் கடனாக மாறிவிடும். அனுப்பிய படம் ஆயுதமாக மாறிவிடும். “உன்னால்தான் எனக்கு இவ்வளவு செலவு” என்று ஆரம்பித்து, “உங்க அப்பாவுக்கு அனுப்பவா?” என்பதில் முடியும்.

இந்தச் சங்கிலியில் பூட்டு எங்கே இருக்கிறது பார்த்தீர்களா? வெட்கத்தில் இருக்கிறது. வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம், மிரட்டுபவரைப் பற்றிய பயத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை அந்தப் பிள்ளை வெளியே வரமாட்டாள்.

‘ஏன் ஓடிவரவில்லை, கதவு திறந்துதானே இருந்தது?’ என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். மீட்கப்பட்ட பெரியவர்களிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள், கேட்கவே கூடாத கேள்வி அது. பாஸ்போர்ட் வேறொருவர் கையில் இருக்கிறது. ஏஜென்டுக்குக் கட்டவேண்டிய கடன் மாதாமாதம் ஏறுகிறது, குறைவதே இல்லை. ஊரில் இருக்கும் தங்கையின் முகவரி அவர்களுக்குத் தெரியும். காவல்துறைக்குப் போனால் நீதான் கைதாவாய் என்று தினமும் காதில் ஓதியிருக்கிறார்கள். போதைக்குப் பழக்கியிருக்கலாம். சிலருக்கு, அடித்தவர்மேலேயே பாசம் இருக்கும், அது நடிப்பு இல்லை. இத்தனையும் சேர்ந்தால் பூட்டே தேவைப்படாது.

இதன் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதன் கூட்டாளிகளும் 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021-ல் எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் கட்டாய வணிகப் பாலியல் சுரண்டலில் சிக்கியிருந்தவர்கள் ஏறத்தாழ 63 லட்சம் பேர். ஐந்தில் நான்கு பேர் பெண்கள் அல்லது சிறுமிகள். கட்டாய உழைப்பில் இருந்த 33 லட்சம் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தச் சுரண்டலில்தான் இருந்தார்கள். அதே அமைப்பு 2024-ல் இன்னொரு கணக்குச் சொன்னது: கட்டாய உழைப்பினால் வருடத்துக்குக் கிடைக்கும் சட்டவிரோத லாபம் 23,600 கோடி டாலர், அதில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு பாலியல் சுரண்டலிலிருந்து வருகிறது. இவ்வளவு பணம் புழங்குவதால்தான் அந்த ஆளால் இரண்டு மாதம் பொறுமையாக ஒரு சிறுமிக்குச் செல்போனும் உடையும் வாங்கிக்கொடுக்க முடிகிறது. அவருக்கு அது முதலீடு.

இனி, அறிகுறிகள். இணையத்தில் நீண்ட பட்டியல்கள் சுற்றுகின்றன, அவற்றைப் படித்துவிட்டுப் பார்ப்பவர்களையெல்லாம் சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. தனியாக ஓர் அறிகுறி எதையும் நிரூபிக்காது. புதுச் செல்போன் வைத்திருக்கிற எல்லாப் பிள்ளையும் ஆபத்தில் இல்லை. பல அறிகுறிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வடிவம் எடுக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் விஷயத்தில்: வயதில் மூத்த ‘நண்பர்’, எங்கிருந்து வந்தது என்று சொல்லமுடியாத பொருட்கள், இரண்டாவது செல்போன், பள்ளிக்கு அடிக்கடி வராமல் போவது, பழைய நட்புகள் அறுவது, செய்தி வந்ததும் முகம் மாறுவது, எங்கே இருந்தாய் என்று கேட்டால் மனப்பாடம் செய்ததுபோல ஒரே பதில். பெரியவர்கள் விஷயத்தில்: தனியாக எங்கும் விடப்படாமல் இருப்பது, அவருக்காக வேறொருவரே பேசுவது, தான் இருக்கும் இடத்தின் முகவரிகூடத் தெரியாமல் இருப்பது, அடையாள ஆவணங்கள் தன்னிடம் இல்லாமல் இருப்பது, வேலை செய்தும் கையில் காசு இல்லாதது, காயங்களுக்குச் சரியான காரணம் சொல்லமுடியாதது, வேலை பார்க்கும் இடத்திலேயே வெளியிலிருந்து பூட்டப்பட்டுத் தங்குவது. ஒருவருடைய தோல்நிறத்தையோ பேசும் மொழியையோ உடையையோ வைத்து முடிவெடுக்கவே கூடாது. அது அப்பாவிகளைக் காயப்படுத்தும், உண்மையான ஆளைத் தப்பவிடும்.

நீங்கள் சொன்னதில் மூத்த ஆள், பரிசு, ரகசியம், பெரிய வாய்ப்பு, பயணம், தேதி எல்லாம் இருக்கின்றன. எனக்கு இதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

யாரிடம் சொல்வது? உடனடி ஆபத்து என்றால் காவல்துறையின் அவசர எண். அவள் கிளம்பிவிட்டாள், வண்டியில் ஏறிவிட்டாள், அடைத்து வைக்கப்பட்டிருக்கிறாள் என்றால் வேறெங்கும் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். இன்னும் நாள் இருக்கிறது என்றால் குழந்தைகள் உதவி எண்ணும் சரி. தமிழ் படிப்பவர்கள் பல நாடுகளில் இருப்பதால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவற்றைத் தருகிறேன். இந்தியாவில் குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. இலங்கையில் குழந்தைகளுக்கு 1929, காவல்துறைக்கு 119. மலேசியாவில் உதவி எண் 15999. பிரிட்டனில் நவீன அடிமைத்தன உதவி எண் 08000 121 700, அவசரத்துக்கு 999. அமெரிக்காவில் ஆள்கடத்தல் உதவி எண் 1-888-373-7888, கனடாவில் 1-833-900-1010, இரண்டு நாடுகளிலும் அவசரத்துக்கு 911. வேறு நாட்டில் இருந்தால் அங்குள்ள காவல்துறை, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம், பள்ளியின் ஆலோசகர் என யார் முதலில் கைக்கு எட்டுகிறாரோ அவரிடம் சொல்லுங்கள். பள்ளியில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள், ‘பெயர் கெட்டுவிடும்’ என்று மூடிவைக்கிற பள்ளிகளும் உண்டு.

அழைத்தால் என்ன கேட்பார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. நீங்கள் பார்த்ததையும் கேட்டதையும்தான் கேட்பார்கள். யார், எங்கே, எப்போது, எப்படித் தெரிந்தது, அந்த ஆளின் கணக்குப் பெயர் என்ன, எப்போது கிளம்புவதாகப் பேச்சு, இப்போது பிள்ளை பத்திரமாக இருக்கிறாளா. அழைப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பேச்சு தடுமாறாது. கண்ணால் பார்த்ததை ஒரு பக்கம் எழுதுங்கள், மகள் சொல்லிக் கேட்டதை இன்னொரு பக்கம், உங்கள் ஊகத்தைத் தனியாக எழுதுங்கள். மூன்றையும் கலக்காமல் சொல்கிற அழைப்பு, விசாரிப்பவருக்குப் பெரிய உதவி. பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் அதையும் சொல்லலாம், பல உதவி எண்கள் பெயரில்லாத தகவலையும் ஏற்றுக்கொள்கின்றன. பெயர் கொடுத்தால் மேல் விவரம் கேட்க அவர்களுக்கு வழி இருக்கும், அவ்வளவுதான்.

தப்பாகிப்போனால்? நல்ல எண்ணத்தோடு, தெரிந்ததை மட்டும் சொல்கிறவரைப் பெரும்பாலான சட்டங்கள் பாதுகாக்கின்றன. இந்தியாவின் 2012 போக்சோ சட்டம், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே தெரிவிக்கச் சொல்கிறது, நல்லெண்ணத்தோடு தெரிவிப்பவர்மேல் வழக்கு வராது என்றும் அதே பிரிவில் சொல்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் அங்கே குற்றம். ஐ.நா. தன் ஊழியர்களுக்கு 2003-ல் வகுத்த விதியும் இப்படித்தான்: சக ஊழியர் ஒருவர் பாலியல் சுரண்டலில் ஈடுபடுகிறார் என்ற சந்தேகம் வந்தாலே தெரிவித்தாக வேண்டும். சந்தேகத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆள் நல்லவராகவே இருந்தாலும், ஒரு சிறுமியை ரகசியமாக வெளியூர் கூட்டிப்போவதைப் பற்றி நாலு கேள்வி கேட்கப்படுவதில் யாருக்கும் அநியாயம் நடந்துவிடாது.

செய்யக்கூடாதவையும் உண்டு, இவை முக்கியம். அந்த ஆளை நேரில் போய்க் கேட்காதீர்கள், அவருக்குச் செய்தி அனுப்பி மிரட்டாதீர்கள். உஷாரானால் முதலில் செய்வது தடயங்களை அழிப்பது, அடுத்து பயணத் தேதியை முன்னுக்குக் கொண்டுவருவது. நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நீங்களே மீட்கப் போகாதீர்கள். பெரியவர்கள் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் இடங்களில் இது இன்னும் ஆபத்து: ஒருத்தி வெளியே வருவாள், உள்ளே இருக்கும் மற்றவர்கள் அன்றிரவே இடம் மாற்றப்படுவார்கள். அந்தப் பெண்ணின் படத்தைப் போட்டு ‘எல்லோரும் பகிருங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் விடாதீர்கள். வெளியே போன பெயரும் முகமும் திரும்ப வராது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பல நாடுகளில் குற்றமும்கூட.

அந்தச் சிறுமியிடம் பேசலாமா என்றால், பேசலாம், ஆனால் விசாரணை செய்யாதீர்கள். தனியாக இருக்கும்போது, வேறு வேலை செய்துகொண்டே பேசுவது நல்லது. எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் வாயே திறக்கமாட்டாள். “உன்னைப் பத்திக் கொஞ்சம் கவலையா இருக்கும்மா. நீ எது சொன்னாலும் நான் கோபப்படமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த ஆளைத் திட்டாதீர்கள், திட்டினால் அவரைக் காப்பாற்றுவதுதான் அவள் வேலையாகிவிடும். ஏதாவது சொன்னால், நம்புகிறேன் என்று சொல்லுங்கள், உன் தப்பில்லை என்று சொல்லுங்கள். “யாருக்கும் சொல்லமாட்டேன்” என்று மட்டும் சத்தியம் செய்துகொடுக்காதீர்கள். அந்தச் சத்தியத்தை உங்களால் காப்பாற்ற முடியாது, இன்னொரு பெரியவரும் ஏமாற்றிவிட்டார் என்று ஆகிவிடும். “உன்னைப் பாதுகாக்கத் தெரிஞ்சவங்ககிட்ட மட்டும் சொல்லப்போறேன், உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்” என்பது நேர்மையான வார்த்தை. ஆனால் நீங்கள் பேசினால் அவள் உடனே அந்த ஆளிடம் சொல்லிவிடுவாள் என்று தோன்றினால், பேசுவதற்கு முன்பே உதவி எண்ணை அழைத்து எப்படிப் பேசுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவள் சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். பிள்ளையை ஐந்து பேர் ஐந்து முறை கேட்டால், அவளுக்கும் வலி, வழக்கும் பலவீனமாகும்.

அவள் பெற்றோரிடம் சொல்வதா? இயல்பாக முதலில் தோன்றுவது அதுதான். பெரும்பாலான குடும்பங்களில் சரியும்கூட. ஆனால் வீட்டிலேயே யாருக்காவது இதில் பங்கு இருக்கலாம் என்றோ, தெரிந்தால் அடித்துத் துவைத்துவிடுவார்கள் என்றோ சிறு ஐயம் இருந்தால், முதலில் குழந்தைகள் உதவி எண். பெற்றோரிடம் எப்படிக் கொண்டுபோவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

படம் விஷயம் தனியாகச் சொல்லவேண்டியது. அந்தப் பெண் ஏற்கெனவே படம் ஏதாவது அனுப்பியிருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆதாரம் என்று உங்கள் செல்போனில் வாங்கிச் சேமிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். சிறுவர் சிறுமியரின் பாலியல் படத்தை வைத்திருப்பதும் பகிர்வதுமே பல நாடுகளில் குற்றம், நோக்கம் நல்லதாக இருந்தாலும். மிரட்டல் உரையாடலின் ஸ்க்ரீன்ஷாட், கணக்கின் பெயர், இணைப்பு முகவரி, நேரம் இவை போதும். உரையாடலை அழிக்கவேண்டாம். மிரட்டுபவருக்குப் பணமோ இன்னொரு படமோ கொடுக்கவே கூடாது, கொடுத்தால் நின்றுவிடும் என்ற நம்பிக்கை பொய், கொடுத்தவரிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்ட பிறகு அந்தக் கணக்கை முடக்கலாம், தளத்திடம் புகார் தரலாம். படம் பரவுவதைத் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது, காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் 2023-ல் தொடங்கியது. பெரியவர்களுக்கு ‘ஸ்டாப் என்சிஐஐ’. இரண்டிலும் படத்தை எங்கும் ஏற்றவேண்டியதில்லை. படத்திலிருந்து கைரேகைபோல ஓர் எண்கோவை அந்தப் படம் இருக்கிற கருவியிலேயே உருவாகும், அது மட்டும்தான் அனுப்பப்படும். பங்கேற்கும் தளங்கள் அந்தக் கோவையோடு பொருந்துகிற படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். இது தெரியாமல் எத்தனை பிள்ளைகள் இரவெல்லாம் அழுதுகொண்டு கிடக்கிறார்கள்! பையன்களையும் இப்போது பணத்துக்காக இப்படி மிரட்டுகிறார்கள், அவர்களுக்கு இது நடக்காது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது உங்கள் மகளிடம் வருகிறேன். இந்த விஷயத்தை உங்களிடம் வந்து சொன்னது அவள்தானே? அதற்கு அவளைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்லுங்கள். தோழியைக் காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்ற குற்றவுணர்ச்சி அவளுக்கு இருக்கும். உங்களிடம் சொன்னால் உருப்படியாக ஏதோ நடக்கும் என்ற அவளுடைய நம்பிக்கைதான் உங்கள் வீட்டின் பாதுகாப்பு. செல்போனைப் பிடுங்கி வைப்பதோ வெளியே விடாமல் இருப்பதோ அதற்கு ஈடாகாது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி வையுங்கள், ஒரு முறை இல்லை, பல முறை: “நீ என்ன தப்பு செஞ்சிருந்தாலும், என்ன படம் அனுப்பியிருந்தாலும், முதல்ல எங்கிட்ட வா. திட்டமாட்டேன்.” பிறகு அந்த நாள் வந்தால் உண்மையிலேயே திட்டாமல் இருங்கள். ரகசியத்துக்கும் ஆச்சரியத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுக்கலாம்: ஆச்சரியம் ஒருநாள் எல்லோருக்கும் தெரியப்போகிறது, பெரியவர் ஒருவர் ‘யாருக்குமே சொல்லாதே’ என்று சொன்னால் அதை உடனே சொல்லவேண்டும்.

வெளியூர், வெளிநாட்டு வேலை என்று வரும் பெரியவர்களுக்கும் சில சொற்கள். நிறுவனம் உண்மையில் இருக்கிறதா, ஏஜென்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று அரசுப் பதிவில் பாருங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் நின்றுவிடுங்கள். ஒப்பந்தம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்கட்டும். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். போகும் நாட்டில் உங்கள் தூதரகத்தின் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், செல்போன் பிடுங்கப்படலாம். வீட்டாரோடு ஒரு சங்கேதச் சொல்லைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் யாராவது நின்று கேட்டுக்கொண்டிருந்தாலும் ஆபத்தைச் சொல்லிவிட முடியும்.

சுரண்டல் என்றால் கும்பல், தரகர் என்று மட்டுமே நினைக்கிறோம். நான் சொன்ன அந்த 2003 ஐ.நா. விதி பாலியல் சுரண்டலுக்குத் தரும் வரையறை இன்னும் அகலமானது: ஒருவருடைய பலவீனமான நிலையை, தனக்கு இருக்கும் அதிகாரத்தை, தன்மேல் வைத்த நம்பிக்கையைப் பாலியல் நோக்கத்துக்குப் பயன்படுத்துவது, அதற்கு முயல்வது. நிவாரணப் பொருளைத் தரும் கையும், மதிப்பெண் போடும் கையும், அணியில் சேர்க்கும் கையும், வேலை தரும் கையும் இதற்குள் வரும். வயதைத் தவறாக நினைத்துவிட்டேன் என்பது சாக்கு ஆகாது என்றும் அதே விதி சொல்கிறது. உங்கள் பிள்ளை போகிற பயிற்சி மையத்திலோ விளையாட்டுக் குழுவிலோ, புகார் சொல்ல யாரிடம் போகவேண்டும் என்று கேட்டுப்பாருங்கள். பயிற்சியாளரைப் பற்றிய புகாரைப் பயிற்சியாளரிடமே சொல்லவேண்டிய நிலை இருந்தால் அங்கே புகார் வழி என்று ஒன்று இல்லை.

புகார் சொன்னபிறகு அமைதியாக இருக்கும், அதற்கும் தயாராக இருங்கள். என்ன ஆயிற்று என்று உங்களிடம் யாரும் வந்து சொல்லமாட்டார்கள், விசாரணையின் ரகசியத்துக்காக அப்படித்தான் இருக்கவேண்டும். பெரியவர்கள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் மாதக்கணக்கில் கண்காணித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மீட்கப்பட்டவரும் உடனே நன்றி சொல்லமாட்டார், சில சமயம் உங்கள்மேல் கோபப்படுவார், திரும்பியும் போவார். ஆள்கடத்தலுக்கு எதிரான ஐரோப்பிய கவுன்சிலின் 2005 உடன்படிக்கை இதைப் புரிந்துகொண்டுதான், பாதிக்கப்பட்டவர் மூச்சுவிட்டு யோசிக்கக் குறைந்தது 30 நாள் அவகாசம் தரச் சொல்கிறது, கட்டாயத்தின்பேரில் அவர்கள் செய்த சட்டமீறல்களுக்குத் தண்டிக்காமல் விடவும் வழி செய்யச் சொல்கிறது. அந்த அவகாசத்தை அக்கம்பக்கமும் தரவேண்டும். திரும்பி வந்த பிள்ளையைப் பார்த்துக் கிசுகிசுக்கிற தெருவில், அடுத்த பிள்ளை வாயைத் திறக்காது.

அழைக்கும்போது உங்கள் தகவலுக்கான பதிவு எண்ணோ, பேசியவரின் பெயரோ கேட்டு வாங்கி, தேதியோடு அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைவரை யாரும் அந்த வீட்டை எட்டிப்பார்த்ததாகத் தெரியவில்லை என்றால் அதே எண்ணைச் சொல்லி மறுபடி அழையுங்கள். அவள் பையோடு கிளம்புவதை உங்கள் மகள் பார்த்தால், அந்த நொடி காவல்துறை அவசர எண். இப்போது நேரம் என்ன ஆனாலும் பரவாயில்லை, மேலே சொன்ன உதவி எண்களில் பல இரவிலும் எடுப்பார்கள். எடுக்காவிட்டால் காவல்துறை எடுக்கும்.